கறுப்பும் சிவப்பும்

குளிர் ஊரில் உல்லன் நூல் கடை வைத்தால் எல்லா நிறமும் விற்கும். எங்கள் கடையிலும் விற்றது. ஸ்வெட்டர் பின்னுகிற டீச்சர்கள் வெளிர்நீலம் கேட்பார்கள். பிரசவ வீட்டுக்காரர்கள் மஞ்சள் கேட்பார்கள். கான்வென்ட் பிள்ளைகளின் மஃப்ளருக்கு மெரூன் கட்டுக் கட்டாகப் போகும். ஆனால் உதகை மெயின் பஜாரின் அந்த ஒடுக்கமான கடையில் அப்பா ஒருபோதும் தீரவிடாத நிறங்கள் இரண்டுதான்: கறுப்பு, சிவப்பு. மலைப்பாதையில் மண் சரிந்து சரக்கு லாரி வராமல் போனால் மற்ற நிறங்களுக்கு "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார். இந்த இரண்டுக்கும் அந்தப் பேச்சே கிடையாது. "மந்துல இருந்து நடந்து வர்றவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுங்" என்பார், கேட்காதவர்களிடம்கூட.

மந்து என்றால் தோடர் குடியிருப்பு. தலைகுந்தா பக்கத்து மந்து ஒன்றிலிருந்து ஒரு பாட்டி வருவார். சுருள்சுருளாகத் தோளில் விழும் கூந்தல், உடம்பைச் சுற்றிப் பூத்துக்குளி. வெண்துணியில் கறுப்பும் சிவப்புமாகத் தைத்த கனமான போர்வை அது. கடைக்குள் நுழைந்ததும் உட்காரமாட்டார். நூல் சிட்டத்தை வாங்கிக்கொண்டு நேராகத் தெருவுக்குப் போய்விடுவார். வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மேகம் மூடியிருந்தால் மேகம் விலகுகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். திரும்பி வந்து சிட்டத்தை மேசையில் வைத்து, "இது கறுப்பு இல்லை, தம்பி. நீலம்" என்பார். எனக்கு அது அட்டைக்கரியாகத்தான் தெரியும். அப்பா மறுபேச்சில்லாமல் உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்து வேறு சிட்டம் கொண்டுவருவார். மற்ற வாடிக்கையாளர் யாராவது அப்படித் தெருவுக்கு எடுத்துப் போயிருந்தால் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கும்.

அந்தப் பாட்டியின் பேத்தி என் வகுப்பு. அதனால்தான் மந்துக்குப் போகிற பழக்கம் எனக்கு வந்தது. கடன் கணக்கைக் காரணமாக வைத்து அப்பாவும், விளையாட்டைக் காரணமாக வைத்து நானும் விடுமுறை நாட்களில் போவோம். அப்பாவின் பேரேட்டில் அந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு பக்கம் இருந்தது. மேலே பெயர் கிடையாது, இரண்டு எருமைக் கொம்புகள் மட்டும் வரைந்திருப்பார். கணக்கு எப்போதும் சரியாகவே தீரும். சில சமயம் காசாக, சில சமயம் நெய்யாக.

மந்தில் ஐந்தாறு வீடுகள். அவற்றில் ஒன்றுதான் மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த பழைய வீடு. வாசல் அத்தனை சிறியது, பெரியவர்கள் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். மற்றவை சிமென்ட் வீடுகள். சற்றுத் தள்ளிப் பால் கோயில். அந்தப் பக்கம் பெண்கள் போகக் கூடாது, நடக்கிற வழிகூட வேறு. எருமை, பால், தயிர், பூசை எல்லாம் ஆண்கள் கையில். முதல்நாளே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எந்த வரப்பு வரைக்கும் ஓடலாம், எங்கே திரும்ப வேண்டும் என்பது இன்றும் என் காலுக்குத் தெரியும்.

பெண்களின் கையில் இருந்தது ஊசி.

மதியச் சோற்றுக்குப் பிறகு வெயில் விழுகிற புல்தரையில் பாட்டி, மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரிகள் என்று காலை நீட்டி உட்காருவார்கள். மடியில் துணி. சட்டம் கிடையாது. பென்சில் கோடு கிடையாது. எதிரில் மாதிரித் துணி எதுவும் விரித்து வைத்திருக்கவில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகும். இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே. முதல் வரிசையில் எண்ணிக்கை ஓர் இழை பிசகினால், பத்தாவது வரிசையில் எருமைக் கொம்பு வடிவம் கோணலாக நிற்கும். அதனால் அவிழ்ப்பார்கள். முகம் சுளிக்காமல் அவிழ்ப்பார்கள். அதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சும் நிற்காது. யார் வீட்டு எருமை காட்டுக்குள் போய்த் திரும்பவில்லை, யாருக்கு எந்த மந்திலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், எல்லாம் அந்த எண்ணிக்கையோடு சேர்ந்தே ஓடும். பேச்சு ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். இரண்டும் எப்படி மோதாமல் போகின்றன என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. என் தோழிக்கு வகுப்பில் வாய்ப்பாடு வராது என்று ஓர் ஆசிரியை ஓயாமல் திட்டுவார். அவள் மந்தில் பேசிக்கொண்டே நூற்றுக்கணக்கான இழைகளை எண்ணுவதை அந்த ஆசிரியை பார்த்ததில்லை.

தைப்பது துணியின் பின்பக்கத்திலிருந்து. ஒவ்வொரு தையலிலும் சிறு கண்ணி அளவுக்கு நூலைத் தளர விடுவார்கள். இழுத்து இறுக்கிவிட்டால் துணி நனைந்து சுருங்கும்போது வேலை மடிந்துபோகும். அந்தக் கண்ணிகள் சேர்ந்துதான் மேடாக, தடவினால் விரலில் தட்டுப்படுகிற பரப்பாக வரும். எந்தப் பக்கத்தையும் வெளியே காட்டி உடுத்தலாம். நமக்கு வழவழப்பான பக்கம் முன்பக்கமாகத் தெரியும், அவர்களுக்கோ மேடுதட்டிய பக்கம்தான் முகம். பாட்டி என்னைக் கண்ணை மூடச் சொல்லி என் கையைப் பிடித்துத் துணியின் மேல் வைத்து, "இது கொம்பு, இது முயல் காது" என்று சொன்னதுண்டு. விரலுக்குக் கொம்பு தெரிந்தது. முயல் காது தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இந்தத் துணியைத் தோடர்கள் நெய்வதில்லை. அவர்களிடம் தறி இருந்ததே கிடையாது. வெள்ளைக் காடாத் துணி, ஓரத்தில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் வைத்து, சமவெளித் தறிகளிலிருந்து வரும். அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் ஊசி வேலை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901, 1902 ஆண்டுகளில் நீலகிரியில் தங்கி ஆராய்ந்து, 1906இல் எழுநூறு பக்கங்களுக்கு மேல் தோடர்களைப் பற்றிப் புத்தகம் போட்டார். அவர் காலத்திலேயே துணி கடையிலிருந்துதான் வந்தது. அந்தப் புத்தகத்தில் பால் கோயில்களுக்கும் எருமைகளுக்கும் அத்தியாயம் அத்தியாயமாக இடம். பெண்களின் தையலுக்குக் கொஞ்சமே இடம். ஊசி பிடித்தவர்களின் நடுவில் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆகவே, 'கலப்பில்லாத பழங்குடிக் கலை' என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அப்பாவின் கல்லாப்பெட்டி ஞாபகத்துக்கு வந்துவிடும். அந்த மலையில் யாரும் தனியாக வாழ்ந்ததில்லை. பானையும் இரும்பும் கோத்தர் செய்து கொடுத்தார்கள், தானியம் படகரிடமிருந்து வந்தது, காட்டுப் பொருள் குறும்பரிடமிருந்து வந்தது, தோடர் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல் குலைந்த பிறகு, அதன் ஒரு சின்ன மூலையில் எங்கள் நூல்கடை வந்து உட்கார்ந்துகொண்டது. துணி ஒருவர் கை, நூல் ஒருவர் கை, எண்ணிக்கை அவர்கள் கை. அவர்களுடையது என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதும்.

பாட்டி இறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அப்பாவோடு போனேன். பெண்கள் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டியைப் புதிய பூத்துக்குளியில் சுற்றியிருந்தார்கள். பாட்டியும் மகளும் சேர்ந்து, வீட்டு வேலைக்கு நடுவே, பல மாதங்களாகத் தைத்தது. அதன் நூல் எங்கள் கடையில் வாங்கியது, அந்தக் கறுப்பை எனக்கே அடையாளம் தெரிந்தது. இத்தனை வேலையுள்ள துணி தீயோடு போகிறதே என்று என் மனசு அடித்துக்கொண்டது. நூல்கடைக்காரர் வீட்டு மனசு வேறு எப்படி இருக்கும்? பல நாள் கழித்துத் தோழியின் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அது அவங்களுக்குத் தெச்சது. அவங்க போட்டுட்டுப் போனாங்க. வேணும்னா நாங்க இன்னொண்ணு தெப்போம்" என்றார்.

அந்த வீட்டில் பழைய துணி என்று எதுவும் இல்லை. பாட்டியின் பாட்டி தைத்த போர்வை அருங்காட்சியகத்தில் எங்காவது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் உண்டு. நல்ல போர்வை அதன் உரியவரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது அடுத்தவளின் கையில் இருக்கிற எண்ணிக்கை. எழுதி வைக்காத, வரைந்து வைக்காத எண்ணிக்கை.

எங்கள் வீட்டுக் கதை நேர் எதிர். எங்களிடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தாத்தா கோவையிலிருந்து கொண்டுவந்த பித்தளை கஜக்கோல், பேரேடுகள், கடைப் பெயர்ப்பலகை, நூல் சிட்டம் தொங்கவிடுகிற மரக் கொக்கிகள் எல்லாம் பெருங்களத்தூரில் என் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. தொழில் இல்லை. அப்பாவுக்குப் பிறகு என் அண்ணன் கொஞ்ச நாள் கடையைத் திறந்து மூடினான். பிறகு வாடகைக்கு விட்டான். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். நூலை வெயிலில் பிடித்து நீலமா கறுப்பா என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கற்றுக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். பள்ளிக்கூடமும் கல்லூரியும் சமவெளிக்கு இறக்கிவிட்டன, இறங்கிவிட்டோம். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனாலும் சென்னையில் மார்கழி மாதம் என்ற பெயரில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கடைவாசனை வந்துவிடுகிறது. அந்துருண்டையும் புது உல்லனும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. அதோடு தெருவில் மேகம் விலகக் காத்து நிற்கிற ஓர் உருவம். ஊட்டிக்குப் போய் வந்தால் ஏக்கம் தீரும் என்பார்கள். நான் போகிறேன், தீரவில்லை. நான் தேடுகிற ஊருக்கு இப்போது பஸ் இல்லை.

மலையும் மாறிவிட்டது. இதைச் சொல்லாமல் தையலை மட்டும் பேசினால் பொய்யாகப் போகும். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்காமல், புல்வெளிகளின் மேல் கற்பூர மரமும் சீகை மரமும் பைனும் நட்டுத் தள்ளினார்கள். 'வெறும் நிலம்' என்று அதிகாரிகள் எழுதிய இடமெல்லாம் எருமை மேய்ந்த இடம். அணைகளும் தேயிலையும் உருளைக்கிழங்கும் தம் பங்குக்கு எடுத்துக்கொண்டன. புல் போனால் எருமை போகும். எருமை போனால் பால் கோயிலில் பால் இல்லாமல் போகும். கூரை வேய்கிற நீளப் புல்லும் கிடைக்காமல் போகும். தோழியின் மந்திலிருந்த அந்தப் பழைய வீட்டுக்குக் கடைசியாகக் கூரை மாற்றியபோது புல்லுக்காக அவள் அப்பா வெகுதூரம் அலைந்தது எனக்குத் தெரியும். அந்த மந்தில் எருமைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். இன்றைக்குத் துணியில் கொம்பு தைக்கிற சிறுமிகளில் எத்தனை பேர் ஓர் எருமையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்? கொம்பு மட்டும் எண்ணிக்கை பிசகாமல் நிற்கிறது.

தோடர்கள் எல்லா மந்துகளையும் சேர்த்து 2,000 பேர் அளவுக்குத்தான். 2013இல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கமும் கீஸ்டோன் அறக்கட்டளையும் பூம்புகார் கைவினை நிறுவனமும் சேர்ந்து அதற்காக முயன்றார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே தையல் போர்வையைத் தாண்டி வந்துவிட்டது. மேசை விரிப்பு, தலையணை உறை, கைப்பை, கழுத்துத் துண்டு, மொபைல் பை. இதைப் பார்த்து, சடங்குத் துணியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு ஒட்டாது. அந்த வருத்தம் வயிறு நிறைந்தவர்களுடையது. எருமை குறைந்த வீட்டில் பள்ளிக்கட்டணம் கட்டியது அந்த மொபைல் பைதான். என் தோழியின் மகள் கோவையில் நர்சிங் படித்தது அப்படித்தான். விடுமுறைக்கு வந்தால் அவளும் அம்மாவோடு உட்கார்ந்து தைக்கிறாள். ஆர்டர் வாட்ஸ்ஆப்பில் வருகிறது. நூலையும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் கறுப்பு எப்படித் தெரியும் என்று கேட்டால் அவள் சிரிக்கிறாள். "பாட்டியம்மா இருந்தா விடமாட்டாங்க. பஸ் ஏறி நேர்ல போய்த்தான் வாங்கணும்னு சொல்வாங்க" என்கிறாள்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. முன்பு ஒரு போர்வைக்குக் காலக்கெடு கிடையாது. வீட்டு வேலைக்குப் போக, விறகுக்குப் போக, மழைக்கு உள்ளே போக, எஞ்சிய நேரத்தில் அது வளரும். இன்று பதினைந்து கழுத்துத் துண்டு இன்ன தேதிக்குள் வேண்டும் என்கிறார்கள். பதினைந்திலும் ஒரே மாதிரிக் கொம்பு வேண்டும் என்கிறார்கள். கை அதற்கும் பழகிவிட்டது. ஆனால் அவிழ்க்கிற அந்தப் பொறுமையை நான் அண்மையில் அங்கே பார்க்கவில்லை. பார்க்கிற நேரத்துக்கு நான் போகவில்லையோ என்னவோ. சொந்தப் போர்வைக்கும் முறைக்குத் தைக்கிற போர்வைக்கும் மட்டும் இன்றும் அவசரம் கிடையாது என்று தோழி சொல்கிறாள். மார்கழியில் முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகை நடக்கும். ஆண்கள் மூன்போ கோயிலில் கும்பிட்டு, இளவட்டக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவார்கள். அன்றைக்கு அங்கே கூடுகிற ஒவ்வொருவர் தோளிலும் இருக்கிற பூத்துக்குளியைப் பாருங்கள். கடையில் அந்த வேலை கிடைக்காது. விற்கிறதற்கும் உடுத்துகிறதற்கும் நடுவில் அவர்கள் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள், நல்லவேளையாக.

இன்னொரு கோட்டை வைப்பது நம் கையில் இருக்கிறது. சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடையில் 'தோடா டிசைன்' என்று ஒரு சால்வையைக் காட்டினார்கள். கறுப்பு, சிவப்பு, கொம்பு எல்லாம் இருந்தது. விலை, கையால் தைத்ததில் பாதிகூட இல்லை. திருப்பினால் மறுபக்கம் வெள்ளை. துணியில் அச்சடித்திருந்தார்கள். கூட வந்த தோழி அதை வாங்கி ஒரு விநாடி விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல எண்ண ஒண்ணுமே இல்லை" என்றாள். கடைக்காரர், "ஊட்டிக்கு வர்றவங்க இதத்தான் கேக்கறாங்க மேடம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஊட்டிக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வர்க்கி வாங்குங்கள், தேயிலை வாங்குங்கள். தோடர் சால்வை என்று ஒன்றைக் காட்டினால் முதலில் திருப்பிப் பாருங்கள், பிறகு கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் வைத்துவிடுங்கள். தட்டுப்பட்டால் அதைத் தைத்தவர் எந்த மந்து என்று கேளுங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள். கொடுக்க வசதி இல்லையென்றால் பரவாயில்லை, அச்சடித்ததை மட்டும் அந்தப் பெயரில் வாங்காதீர்கள்.